பினாங்கு படுத்த சாக்கு

வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு நெல் லாரி மில்லுக்குள் நுழைந்தபோது பினாங்கு குரைக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்ட காவல்காரர் சேக் பரீது, கையில் பூட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

பினாங்கு என்பது நாயின் பெயர். கல்லல் ரயில் நிலையத்துக்குத் தெற்கே இருந்த அந்த அரிசி மில்லின் முதலாளி சாத்தப்ப செட்டியார், தன் தகப்பனார் கடை வைத்திருந்த ஊரின் பெயரையே நாய்க்கும் வைத்திருந்தார். செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி. கேட்டில் சைக்கிள் நின்றால் குரைக்கும். ரயில் போனால் குரைக்கும். களத்தில் காக்கை இறங்கினால் குரைக்கும். லாரி வந்துவிட்டாலோ அது சங்கிலியை இழுக்கிற இழுப்பைப் பார்த்து, மூட்டை தூக்கும் பெத்தன் லாரியின் மறுபக்கமாகத்தான் இறங்குவான். அப்பேர்ப்பட்ட நாய் அன்றைக்குத் தலையை மட்டும் தூக்கி லாரியைப் பார்த்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு முன்னங்கால்களின் மேல் மோவாயை வைத்துக்கொண்டது.

"என்ன பாய், காய்ச்சலா இதுக்கு?" என்றான் பெத்தன்.

பரீது திரும்பிக் கிடங்குக் கதவைப் பார்த்தார். அறுபத்தேழாம் வருஷம் அது. ரேஷன் கடையில் கால் படி அரிசிக்கு ஜனங்கள் வெயிலில் கால் மாற்றி நின்ற காலம். அரிசி மில்லுக்குக் காவல்காரன் என்றால், ஊரே அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கிடங்கைத்தான் பார்க்கும். போன மாதம் அந்தக் கிடங்கிலிருந்து மூன்று மூட்டை காணாமல் போயிருந்தது. செட்டியார் யாரையும் திட்டவில்லை. "நீ இருந்துமா, பரீது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு கேள்வி பரீதை இன்னும் விடவில்லை.

சாயங்காலம் லாரி போன பிறகு நாயிடம் போனார். பரீது நாயைத் தொடமாட்டார். எச்சில் பட்டால் தொழுகைக்கு முன்னால் எல்லாவற்றையும் அலச வேண்டும் என்பதால், சோற்றுச் சட்டியைக்கூடக் கம்பால்தான் தள்ளுவார். தள்ளி நின்றே பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. வாயில் நுரை இல்லை. வால் ஆடியது. ஆனால் நாய் படுத்திருந்தது வெறும் தரையில் இல்லை, நாலாக மடித்த ஒரு பழைய சாக்கில். மில் சாக்கில் செட்டியாரின் விலாசம் நீல மையில் இருக்கும். இதில் அது இல்லை.

சாக்கின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. கம்பு நுனியால் நெம்பிப் பார்த்தார். நகக்கண் அளவுக்கு ஒரு நெத்திலித் தலை.

"வசிய மருந்து பாய்," என்றான் பெத்தன், பின்னால் வந்து எட்டிப் பார்த்து. "கருவாட்டுக்குள்ள வச்சுக் குடுத்தா நாய் கெறங்கிப் போகும். அப்பறம் வந்து அள்ளிட்டுப் போக வேண்டியதுதான்."

"வாயை மூடு. யாருகிட்டயும் சொல்லாத," என்றார் பரீது. செட்டியார் காதுக்குப் போனால் முதல் கேள்வி தன்னைத்தான் நோக்கி வரும் என்று அவருக்குத் தெரியும்.

நாயைக் கட்டியிருந்தது மில்லின் பின்பக்கம், கம்பி வேலியோரம். வேலிக்கு அங்குட்டு ஒரே ஒரு ஓட்டு வீடு. அதில் தை மாதம் குடிவந்தவள் யூஜினியா, பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். முப்பது வயது இருக்கும். யாரோடும் நின்று பேசமாட்டாள். புருஷன் பட்டாளத்தில் இருப்பதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தாளாம். களத்தில் நெல் கிண்டும் கருப்பம்மாளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "தனியா இருக்குற பொம்பளைக்கு ரெண்டு ஆள் சோறு எதுக்கு? உலையில போடுற அரிசியை நான் பாத்தேன்ல," என்று நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே சொல்வாள்.

அப்போது பரீது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த வீட்டின் மில் பக்கத்து ஜன்னல் எப்போதும் முக்கால்வாசி சாத்தியே இருக்கும். டீச்சர் பள்ளிக்கூடம் போகும்போது கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுத்துப் பார்ப்பாள். அப்படி என்ன இருக்கிறது உள்ளே?

திங்கட்கிழமை நாலரை மணிக்கு உமி மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கழுத்தெல்லாம் உமி அரித்தது. அசையவில்லை.

டீச்சர் வந்தாள். பள்ளிக்கூடத்துச் சேலையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு சின்னக் கிண்ணம். வேலிக்கு அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டு, நாய்க்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்தாள். பினாங்கு எழுந்து துள்ளியது, குரைத்தது, முன்னங்காலால் மண்ணைக் கிளறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதட்டவுமில்லை, கொஞ்சவுமில்லை. நாய் சலித்துப்போய்ச் சாக்கின் மேல் ஏறி நின்றது. உடனே வேலிக் கம்பிக்குள் அவள் கை நுழைந்தது. நெத்திலித் துண்டு ஒன்று சாக்கில் விழுந்தது. நாய் அதைத் தின்றுவிட்டு நின்றது. ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தது. ஒரு துண்டு. படுத்தது. இன்னொரு துண்டு. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. மில்லுக்குள் பெல்ட் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நாய் இடுப்பை ஒரு பக்கமாகச் சரித்தது.

"இப்ப," என்றது ஒரு குரல்.

ஆண் குரல். சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வந்தது. டீச்சர் கையை நீட்டி, நாயின் இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் ஒரு துண்டை வைத்தாள்.

பொம்பளை கருவாடு போடுகிறாள், ஆம்பிளை உள்ளே ஒளிந்துகொண்டு வேலை சொல்கிறான். பரீது எழுந்து நேரே வேலியிடம் நடந்தார்.

"டீச்சர்."

அவள் திடுக்கிட்டாள். அவள் கை முதலில் போனது கிண்ணத்துக்கு இல்லை, ஜன்னல் கதவுக்கு. அதை இழுத்து மூடிவிட்டுத்தான் திரும்பினாள். பரீது அதைக் கவனித்தார்.

"என்னத்தப் போடுறீக நாய்க்கு?"

"நெத்திலிதான் பாய். உப்புப் போக அலசி அவிச்சது. தவக்காலம், வீட்டுல கறி கிடையாது. வேணும்னா மோந்து பாருங்க."

"மில்லு நாயை நீங்க எதுக்கு அமத்தணும்?"

"குரைச்சல் தாங்க முடியலை. உங்ககிட்ட ரெண்டு தடவை வந்து சொன்னேன். காவல் நாய்னா குரைக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டீக."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததனாலேயே பரீதுக்குக் கோபம் கூடியது.

"உள்ள ஆரு இருக்கா?"

"யாருமில்லை."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே பரீது அந்தச் சாக்கைக் கம்பால் தூக்கிக்கொண்டு போய், நெல் அவிக்கிற அடுப்பில் போட்டார். நாயை வேலியோரத்திலிருந்து அவிழ்த்து, பெத்தனை விட்டுக் கிடங்கு வாசல் வேப்பமரத்தில் கட்டச் சொன்னார். பழைய பினாங்கு அவருக்குத் திரும்ப வேண்டும்.

மறுநாள் காலையில் சோற்றுச் சட்டியோடு போனபோது, நாய் அவரைப் பார்த்ததும் வெறும் மண்ணில் தானாகப் படுத்தது. இடுப்பை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, அவர் கையையே பார்த்தது. கேட்காமலே நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதற்கு ஏதோ வரும் என்ற பார்வை. பரீது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடிடா," என்றார் பெத்தனிடம்.

பெத்தன் எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கம்பால் அடித்தான். நாய் துள்ளி எழுந்தது. மூஞ்சிக்கு நேரே இன்னும் இரண்டு அடி. சங்கிலி நீளத்துக்கு ஓடி மரத்தைச் சுற்றிக்கொண்டு குரைத்தது. "ஆங், அப்பிடித்தான்," என்றான் பெத்தன். அன்றைக்கும் மறுநாளும் நேரம் கிடைத்தபோதெல்லாம் அடித்தான். மூன்றாம் நாள் தகரமே வேண்டியிருக்கவில்லை. கம்பைக் கண்டால் போதும், மரத்து நிழல் ஆடினால் போதும், தொண்டை கம்மிப்போகும்வரை குரைத்தது.

வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர்ச் சட்டியைத் தள்ள பரீது கம்பை நீட்டினார். பினாங்கு கம்பைக் கடிக்கவில்லை, கம்பைப் பிடித்த கையைக் கடித்தது. முழங்கைக்குக் கீழே நாலு பல் இறங்கியிருந்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினம் ஒன்று. "நாயைக் கொன்னுடாதீங்க," என்றார் டாக்டர். "கட்டிப் போட்டுப் பத்து நாள் பாருங்க. அது நல்லா இருந்தா உங்களுக்கும் பயமில்லை." செட்டியாருக்குத் தகவல் போனது. பத்து நாள் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் கதையை முடித்துவிடச் சொன்னார். பரீது தலையாட்டினார். வீட்டில் அவர் மனைவி நபீஸா, "சும்மா கெடந்த நாய் ஏன் கடிச்சுச்சு?" என்று கேட்டாள். அவர் கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. காலை எட்டரைக்கு டீச்சர் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் ஜெபமாலையோடு கோயிலுக்குப் புறப்பட்டதைப் பரீது கேட்டிலிருந்து பார்த்தார். வழக்கம்போலப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அவள் தெருவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், ஏதோ ரயில் சத்தத்துக்குப் பினாங்கு ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவேயில்லை.

அப்போது அந்த வீட்டுக்குள் பாத்திரம் உருண்டது. பின்னாலேயே குடம் விழுகிற சத்தம். பூட்டின வீட்டுக்குள்!

"பெத்தா, வாடா," என்று பரீது ஓடினார். கட்டுப் போட்ட கை விண்விண்ணென்று தெறித்தது. இன்றைக்கு ஆள் சிக்கினான் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. பெத்தன் கையில் கம்பு. வேலியை விலக்கி நுழைந்து ஜன்னல் கதவைப் பிடித்து இழுத்தார்கள்.

உள்ளே ஒரு கட்டில். கட்டிலுக்கு அடியில், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரு மனிதன் கிடந்தான். பங்குனி வெயிலில் பட்டாளத்துக் கம்பளிச் சட்டை போட்டிருந்தான். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தான். கவிழ்ந்த குடத்துத் தண்ணீர் அவன் முதுகுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. உடம்பு முழுக்க வெடவெடவென்று ஆடியது.

பெத்தன் கம்பை ஓங்கினான்.

"கீழ போடு அதை," என்றார் பரீது.

கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. 'இப்ப' என்று சொன்ன அதே குரல். "அடிக்காதீங்க. தகரத்தை அடிக்காதீங்க. நாய் பாவம். அது படுத்துச்சு. படுத்ததுக்கப்பறமும் அடிக்கிறாக."

இரண்டு நாளாக அடித்த ஒவ்வொரு அடியையும் இந்த மனிதன் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறான்.

குரைப்பைக் கேட்டுப் பாதி வழியிலேயே திரும்பி ஓடி வந்திருந்தாள் டீச்சர். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. ஜன்னலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். பூட்டைத் திறந்து உள்ளே போய், ஈரத் தரையில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்தாள். தட்டிக்கொடுக்கவில்லை, ஏதும் சொல்லவில்லை. வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பரீது பெத்தனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். நேரே வேப்பமரத்தடிக்குப் போய், அந்தத் தகரத்தைக் காலால் மிதித்து நசுக்கிக் கிணற்றடிப் பள்ளத்தில் வீசினார்.

மத்தியானம் அவளே கேட்டுக்கு வந்தாள்.

"என் வீட்டுக்காரர். பேரு ஞானசேகர். போன சண்டையில இருந்தாரு. குண்டு பக்கத்துல விழுந்துச்சு. காயம் இல்லை, ஆனா ஆளு இப்படித் திரும்பி வந்தாரு. எங்க ஊருல பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாங்க. கட்டிக்கூடப் போட்டாக. அதான் யாருக்கும் தெரியாம இங்க கூட்டியாந்தேன். நான் இல்லாதப்ப எழுந்து எங்கயாவது போயிருவாரோன்னு பூட்டிட்டுப் போறேன். நானும் கட்டித்தானே போடுறேன், பாய்?"

பரீது எழுந்து நின்றார்.

"பட்டாளத்துல அவருக்கு நாய் பழக்குற வேலை," என்றாள். "உங்க நாய் குரைச்சா அவருக்குத் தாங்காது. ஆனா அதைத் திட்டவிடமாட்டாரு. 'அதுக்குச் சும்மா இருக்கத் தெரியலை, யாரும் சொல்லித் தரலை'ம்பாரு. ஜன்னல் வழியாப் பாத்து அவரு சொல்லுவாரு, நான் செய்வேன். அந்த அரைமணி நேரந்தான் அவரு வாயத் தொறந்து பேசுறது."

பரீது தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குச் சாக்கு நான் கொண்டாரேன்," என்றார்.

அப்படியும் அவருக்குச் சந்தேகம் விடவில்லை. அது அவர் பிறவிக் குணம். அலசின நெத்திலியை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தில் போட்டார். நாயைப் பழையபடி வேலியோரம் கட்டினார்கள். ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

"கையால குடுக்க வேணாம் பாய். சாக்குல போடுங்க," என்றது உள்ளிருந்த குரல். "பேசாதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. அதுவாக் கண்டுபிடிக்கட்டும்."

"குரைக்குதே?"

"குரைக்கட்டும். குரைக்கிறப்ப ஒண்ணும் வராது. அவ்வளவுதான்."

முதல் நாள் பினாங்கு சாக்குப் பக்கமே வரவில்லை. பரீது கையைத் தூக்கினாலே பின்வாங்கியது. பெத்தன் தலை தெரிந்தால் பல்லைக் காட்டியது. ஒருதரம் ஒற்றைக் கால் மட்டும் சாக்கில் பட்டது. "இப்ப," என்றார் ஞானசேகர். ஒரு துண்டு விழுந்தது. அன்றைக்கு அது போதும் என்று முடித்துவிட்டார். மூன்றாம் நாள் உட்கார்ந்தது. ஐந்தாம் நாள் படுத்தது.

"படுத்தவுடனே போடாதீங்க. இடுப்பைச் சாய்க்கும், அப்பப் போடுங்க. மூச்சு விடும், அப்பப் போடுங்க. தலையைக் கீழ வைக்கும், ரெண்டாப் போடுங்க."

ஒரு நாயின் மூச்சை உட்கார்ந்து கவனிப்பது பரீதுக்குப் புதுசு. கவனித்துக் கவனித்துத் தன் மூச்சும் அதோடு சேர்ந்து இறங்குவது போலிருந்தது. அதற்குப் பிறகு சத்தம் பழக்கினார்கள். முதலில் தூரத்தில் ஒரு வாளியை வைக்கிற சத்தம், பிறகு கொஞ்சம் கிட்டே. நாய் தலை தூக்கி, திரும்பக் கீழே வைத்தால் நெத்திலி. வாளியின் சத்தம் ஒவ்வொரு தடவை வரும்போதும் ஜன்னலுக்குள் இருந்த முகமும் இறுகித் தளர்ந்ததை பரீது பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார்.

"ஏன் தம்பி, பட்டாளத்துல கடிக்கிற நாயைத்தான வளப்பாக?" என்று ஒருநாள் கேட்டார்.

"எந்நேரமும் குரைக்கிற நாய் எதுக்குக் குரைக்குதுன்னு யாருக்குத் தெரியும் பாய்? எங்கூட ஒண்ணு இருந்துச்சு..." என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார். பரீது கிண்ணத்தை வழித்து மிச்சத்தைச் சாக்கில் போட்டார்.

பத்து நாள் கழிந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை. பதினாலாவது ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் செட்டியார் கார் வந்து நின்றது. ஹாரன் சத்தத்துக்குப் பினாங்கு எழுந்தது. இரண்டு தரம் குரைத்துவிட்டுச் சாக்குக்குப் போனது. சாக்கு அவ்வளவு சுளுவில் அதைப் பிடித்து வைத்துவிடவில்லை. எழுந்தது, சுற்றியது, முனகியது. கடைசியில் படுத்தது.

செட்டியாருக்கு முகம் சுருங்கியது. "இப்பிடிக் கெடந்தா மில்லையே தூக்கிட்டுப் போயிருவாகளே. யாரு இதைக் கெடுத்தது?"

"நான் கெடுத்தேன், மொதலாளி. அதுல கடியும் வாங்கினேன்," என்றார் பரீது. "இப்பத்தான் நேராயிருக்கு. வேணும்னா டிரைவரைக் கிடங்குப் பக்கத்துச் சுவரு ஏறச் சொல்லிப் பாருங்க."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனார். சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்ததுதான் தாமதம். பினாங்கு சாக்கிலிருந்து பாய்ந்த வேகத்தில் சங்கிலி விண்ணென்று நின்றது. அடித்தொண்டையிலிருந்து எழுந்த குரைப்பில் டிரைவர் வந்த வழியே விழுந்தார். செட்டியார் சிரிக்கவில்லை. நாயைப் பார்த்தார், பரீதைப் பார்த்தார். "ஒரு மாசம் பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று மூட்டையைப் பற்றி அன்றைக்கு அவரும் கேட்கவில்லை, இவரும் பேசவில்லை. அதை எடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவேயில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம், மில் ஓடிக்கொண்டிருந்த நேரம், ஓட்டு வீட்டுக் கதவு திறந்தது. ஞானசேகர் வெளியே வந்தார். சவரம் பண்ணியிருந்தார், கம்பளிச் சட்டை இல்லை. டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டாள். அவர் தெருவைச் சுற்றி மில் கேட்டுக்கு வந்து, ஒருகணம் பெல்ட் சத்தத்தில் தயங்கி நின்று, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே காலை வைத்தார். களத்தில் வேலை செய்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

கருப்பம்மாள் கண்ணைச் சுருக்கினாள். "ஆரு பாய் அது? டீச்சரு வீட்டுலருந்துல வாராக?"

பரீது தன் முக்காலியை எடுத்து அவருக்குப் போட்டார். பிறகு களம் முழுக்கக் கேட்கும்படி, "டீச்சர் வீட்டுக்காரரு. பட்டாளத்துக்காரரு. நம்ம நாய்க்கு வாத்தியாரு," என்றார். "இங்குட்டு யாரும் தகரம் கிகரம் உருட்டாம வேலையப் பாருங்க."

கருப்பம்மாள் அதை நம்பினாளோ இல்லையோ, கொஞ்ச நேரம் அந்த மனிதரையே பார்த்தாள். அப்புறம் நெல்லின் பக்கம் திரும்பி, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்துச் சத்தமில்லாமல் கிண்டத் தொடங்கினாள்.